துண்டு முக்காடு

இந்தக் கோயிலில் வெளிச்சம் எப்போதுமே தப்பான பக்கத்திலிருந்துதான் வரும். கட்டிவைத்த வெள்ளைக்காரப் பாதிரியாருக்குக் கிழக்கே பார்த்து ஜெபிக்க வேண்டியிருந்தது, ஆல்டருக்குப் பின்னால் சுவர் முழுக்க வண்ணக் கண்ணாடி ஜன்னலை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார், அதற்கு முன்னால் நிற்கிற பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஒருத்தி போட்டோ எடுத்துப் பிழைக்க வேண்டியிருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது. காலைக் கல்யாணமென்றால் அவ்வளவுதான், ஜன்னல் பளபளவென்று இருக்கும், முகம் அடிப்பிடித்த சட்டி மாதிரி இருக்கும். ஃபிளாஷ் போடலாமென்றால் குருவானவருக்குப் பிடிக்காது, ஆராதனை நடக்கும்போது மின்னல் வெட்டக் கூடாது, ஆசீர்வாதம் முடிந்த பிறகு எத்தனை வேண்டுமானாலும் வெட்டிக்கொள் என்பார். பொண்ணு கட்டியிருப்பது வெள்ளைச் சேலை, தலையில் முகம் வரைக்கும் மூடுகிற வெள்ளை நெட்டு, பின்னால் வெள்ளைச் சுவர், பக்கத்தில் கறுப்புக் கோட்டு. சேலைக்கு வெளிச்சம் வைத்தால் மாப்பிள்ளை காணாமல் போவார், மாப்பிள்ளைக்கு வைத்தால் பொண்ணு சுண்ணாம்பு அடித்த தூணாகிவிடுவாள். இன்றைக்கு இதெல்லாம் போதாதென்று ராத்திரி பெய்த மழை போக மனமில்லாமல் வானத்தை மூடிக்கொண்டு நிற்கிறது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியேறும்போது பையிலிருந்து கேமராவை எடுத்தேன், ஆன் பண்ணினேன், கார்டில் இருந்த பழையதையெல்லாம் துடைக்க ஃபார்மட் பண்ணினேன். யோசித்துப் பண்ணுவதில்லை அது. சாப்பிடும் முன்னால் கையைக் கழுவுகிற மாதிரி, கட்டைவிரலுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். ஒரு தடவை பழைய கார்டைத் துடைக்காமல் எடுத்து, இரண்டு கல்யாணமும் கலந்துபோய், ஆல்பம் அடிக்கிற இடத்தில் ஒரே பொண்ணுக்கு இரண்டு மாப்பிள்ளை வந்துவிட்டது. அன்றிலிருந்து, "எப்சி, கோயில் படியில கால வைக்கும்போதே தொடச்சிரு. உள்ள போறப்ப கார்டும் சுத்தமா இருக்கணும், மனசும் சுத்தமா இருக்கணும். மனசு உன் பாடு" என்பார். துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

உள்ளே யாரும் இல்லை, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை மட்டும் பெஞ்சுகளுக்கு நடுவே பாய்விரிப்பை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார். நடுப்பாதையில் நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய், "தள்ளி நில்லுங்க, ஜன்னல மறைங்க" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆல்டருக்கு முன்னால் யாரும் இல்லை. யார் இருப்பார்கள். என் வீட்டுக்காரர் ஆசீர், மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவர், கல்யாணம் வந்தால் கடையை அடைத்துவிட்டு என்னோடு கிளம்பிவிடுவார், பொண்ணு நிற்கப்போகிற இடத்தில் போய்ப் பொண்ணாக நிற்பார். வெள்ளை நெட்டுக்கு வெளிச்சம் பார்க்க வேண்டுமென்று நான் ஒரு தடவை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் துண்டைத் தலையில் போட்டு, நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டு, பெஞ்சிலிருந்து ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பூச்செண்டு மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து நிற்பார். அதுதான் முதல் படம். அப்புறம் இல்லாத மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்ப்பார், அது இரண்டாவது. அப்புறம் நான், "நெட்டத் தூக்குங்க" என்பேன், துண்டைத் தூக்கிவிட்டு மீசையும் பல்லுமாகச் சிரிப்பார், மூன்றாவது. சிரிப்பு வந்தால் கேமரா ஆடும், கோயிலுக்குள்ள என்ன கூத்து இது என்று நான் வைவேன், வைதுகொண்டே வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அந்த மூன்றையும் அழித்துவிடுவேன். ஒவ்வொரு கல்யாணத்திலும் அழித்திருக்கிறேன். கடைசியாக எடுத்த கல்யாணமும் இதே கோயிலில்தான், ஈஸ்டர் கழிந்து. அன்றைக்கு அழித்தேனா? அன்றைக்குப் பொண்ணு வீட்டுக்காரர்கள் சீக்கிரமே வந்து இறங்கிவிட்டார்கள், அவர் துண்டை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடினார், நான் வாசலுக்கு ஓடினேன். அழிக்கவில்லை. வீட்டில் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதும் பொண்ணு காரிலிருந்து இறங்குகிற படத்திலிருந்துதான் எடுத்தேன், முன்னால் இருந்ததை ஏற்றவில்லை. அடுத்த வாரம் அவர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு சுவரில் சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கேமராவைத் தொடவே இல்லை. அப்படியென்றால் அந்த மூன்று படமும் இந்தக் கார்டில்தான் இருந்தது. இப்போது படியேறும் வரைக்கும் இருந்தது.

காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று பார்த்தேன். பாய்விரிப்பு இருந்தது. கேமராவின் பின்பக்கத் திரையில் படம் எதுவுமில்லை என்று எழுதிக் காட்டுகிறது, எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது பார். இரு, இரு, பதறாதே. ஜங்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் இருக்கிறார், ஒரு தடவை யாரோ தெரியாமல் அழித்துவிட்ட ஞானஸ்நானப் படங்களையெல்லாம் திரும்ப எடுத்துக் கொடுத்தவர். "ஃபார்மட் பண்ணுனா அழிஞ்சி போச்சின்னு நெனைக்கக் கூடாதுக்கா. வீட்டு வாசல்ல நம்பர மட்டும்தான் அழிக்கோம், ஆளு உள்ள இருக்காரு. ஆனா அதுக்குப் பெறகு ஒரு படம் எடுத்துரக் கூடாது. மொதல்ல எடுக்கது மொதல்ல இருந்ததுக்கு மேலதான் போயி உக்காரும்" என்றார். அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், ஜெபம் சொல்கிற மாதிரி. முதலில் இருந்தது எது? அவர்தான். வெளிச்சம் பார்க்கிற படம்தானே எப்போதும் முதலில் வரும். அப்படியானால் ஒரு படம் எடுத்தால் குனிந்த தலை போய்விடும், இரண்டு எடுத்தால் ஓரக்கண் போய்விடும், மூன்று எடுத்தால் சிரிப்பு. எடுக்காமல் இருந்தால் இருக்கிறார். கார்டை வெளியே எடுத்து, முகம் துடைக்கிற லேன்சியில் முடிந்து ஜாக்கெட்டுக்குள் மணிபர்சில் வைத்தேன். பையின் பக்கவாட்டில் ஒரு பழைய கார்டு கிடந்தது. இதைத் தூக்கிப் போடு, என்றைக்காவது கழுத்தறுக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்த கார்டு. வேறு கார்டு? வேறெல்லாம் அவர் சட்டைப் பையில் இருக்கும். பை கட்டுவது அவர் வேலை, கார்டு சட்டைப் பையில், பாட்டரி பேன்ட் பையில், எனக்கு வேண்டியபோது கையை நீட்டினால் போதும். காலையில் கிளம்பும்போது எதையோ மறந்த மாதிரியே இருந்தது, வீட்டைப் பூட்டினேனா, கேஸை அடைத்தேனா என்று இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன், மறந்தது ஒரு சட்டைப் பையை. பழைய கார்டைப் போட்டேன், ஏற்றுக்கொண்டது. இது தாங்கட்டும் ஆண்டவரே, கல்யாணம் முடிந்ததும் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஜங்ஷனுக்கு பஸ் ஏறிவிடுகிறேன்.

வீட்டில் அவர் படம் இல்லாமலில்லை. மாலை போட்டு மாட்டியிருக்கிறதே, நானே எடுத்த பாஸ்போர்ட் சைஸ், பெரிதாக்கியது. அதில் வாயை மூடிக்கொண்டு யாரோ ஒரு ஆபீசர் மாதிரி இருக்கிறார். சிரிக்காதீங்க, இதுக்குச் சிரிக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன், பல் தெரியக் கூடாது என்றேன். முன்பல்லில் ஒன்று ஓரம் உடைந்திருக்கும் அவருக்கு, சோடா பாட்டிலை வாயால் திறக்கப் போய் உடைத்துக்கொண்டது, சிரித்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன இருட்டு தெரியும், அது தெரிந்தால்தான் அவர். அது இடது பக்கமா வலது பக்கமா? கொஞ்ச நாளாக இதுதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. சமையல் பண்ணும்போது, பஸ்ஸில் போகும்போது, இடதா வலதா. எதிரில் நின்று பார்த்தே பழகினவளுக்கு என் இடது அவர் வலது, கேமராவுக்குள் ஒரு மாதிரி, கண்ணாடியில் ஒரு மாதிரி, எல்லாம் குழம்பிவிட்டது. அவருடைய அக்காவிடம் கேட்டேன். மதினி உடனே, "வலது பக்கம்லா" என்றாள். கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் இடது என்று அடித்துச் சொன்னார். மதினி ஒரு மாதிரி பார்த்தாள், பெண்டாட்டிக்குத் தெரியாதா என்கிற பார்வை. தெரியாமல் போய்விட்டது மதினி. கண்ணை மூடினால் அந்த ஆபீசர் வந்து நிற்கிறார், வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார். துண்டு போட்டவர் வருவதில்லை. இப்படியே போனால் வருகிற ஈஸ்டருக்குள் அவரும் போட்டோவும் ஒன்றாகிவிடுவார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது, சும்மா சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் எனக்கு இதே பயம்தான். எல்லாரும் ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போடும்போது நானும் எடுத்தேன், குழி ஓரத்தில் நின்றேன், கை விரியவில்லை. போடு, போடு என்கிறார்கள். விரியவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன், மதினிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து மண்ணை முருங்கை மரத்தடியில் தட்டிவிட்டாள்.

"எப்சி, வந்துட்டியா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கிருபா டீச்சர் பட்டுச்சேலை சரசரக்க வந்து என் கையைப் பிடித்தார்கள். துக்கத்துக்கு வந்திருந்தபோதே சொல்லிவிட்டுப் போனவர்கள். "ஆசீர் தம்பி டைரில எழுதிக்கிட்ட கல்யாணம்மா இது. நீ வரலன்னா அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பொண்ணு வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, யாருடைய அத்தையோ, குரலைத் தாழ்த்துகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு, "தாலி கெட்டும்போது எதுக்க நிக்கதுக்கு வேற ஆளே கெடைக்கலியாமா?" என்றாள். எனக்குக் கேட்கவேண்டுமென்றுதான் சொன்னாள், கேட்டது. டீச்சர் திரும்பி, "நல்லா எடுக்கிறவா நிக்கா. உங்களுக்கு என்ன?" என்றார்கள், வகுப்பில் பேசுகிற குரலில். அந்த அம்மா பூவைச் சரிபண்ணிக்கொண்டாள். எனக்கு என்னவோ அவள்மேல் கோபமே வரவில்லை, கோபத்துக்கு இடமில்லை, ஜாக்கெட்டுக்குள் இருக்கிற சின்னக் கார்டு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது, வேர்வை பட்டால் கெட்டுப்போகுமோ, லேன்சி போதுமோ, அது ஒன்றுதான் நினைப்பு. ஆனாலும் ஒன்று தெரிந்தது. இன்றைக்குத் தாலிப் படம் சரியாக வரவில்லையென்றால் அந்த அம்மா சொன்னதுதான் சரி என்றாகிவிடும், டீச்சர் தலைகுனிய வேண்டியிருக்கும், இனி ஒரு கோயிலிலும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் நான் யார். மிக்ஸி கடையை விற்றாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து கரண்டு போனது. மின்விசிறிகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சலித்துக்கொண்டு நின்றன, டியூப்லைட் அணைந்த பிறகுதான் அது எவ்வளவு கொஞ்சம் வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது என்றே தெரிந்தது. கோயில்பிள்ளை ஓடி வந்து ஜெனரேட்டரில் டீசல் இல்லையென்று டீச்சரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். நான் என்ன செய்ய. இருட்டுக்கு ஏற்ற மாதிரி கேமராவைத் திருகி வைத்துக்கொண்டேன்.

கரண்டு இல்லாமல் ஆர்கன் வாசிக்க முடியாதே, பாட்டுக்காரர்கள் வெறும் குரலில் ஆரம்பித்தார்கள், பொண்ணு ஷெரின் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வாசல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்தது, அது ஒரு புண்ணியம். எடுத்தேன். பின்னாலேயே நடந்து, குனிந்து, எடுத்தேன். இந்த வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகத்தான் விழும், மூச்சு விட்டால்கூட ஆடிவிடும், அதனால் ஒவ்வொரு படத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்து, அழுத்தி, விட்டு, மறுபடி பிடித்து. அவர் பக்கத்தில் நின்றால் அவரும் சேர்ந்து மூச்சைப் பிடிப்பார். "நீங்க எதுக்குப் பிடிக்கிய?" என்று கேட்டால், "நான் விட்டா உனக்குக் காத்து அடிச்சிரும்" என்பார். பைத்தியக்கார மனுஷன். கடைசியில் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டார். பொண்ணு போய் ஆல்டருக்கு முன்னால் நின்றாள், அதே இடம், அதே கல், பின்னால் ஜன்னல். தலையைக் குனிந்து பூச்செண்டை இரண்டு கையாலும் பிடித்தாள். எல்லாப் பொண்ணும் இப்படித்தான் நிற்பார்கள், இல்லை, எல்லாப் பொண்ணையும் நான் இப்படி நிற்கச் சொல்லிச் சொல்லி, இந்தப் பக்கத்துப் பொண்ணுகள் எல்லாருமே அவர் நின்ற மாதிரி நிற்கிறார்கள், அவர்களுக்கு எங்கே தெரியும். ஜன்னலிலிருந்து நீலம் கொஞ்சம் இறங்கி நெட்டின்மேல் விழுந்தது. குருவானவர் வாசிக்க வாசிக்க மாப்பிள்ளை திருப்பிச் சொன்னான். வியாதியிலும் சுகத்திலும் என்று போய், மரணம் பிரிக்கும் வரைக்கும் என்கிற இடம் வந்தது. அந்த இடத்தில் எல்லா மாப்பிள்ளையும் கொஞ்சம் வேகமாகச் சொல்வார்கள். அவர் எங்கள் கல்யாணத்தில் அந்த இடத்தை இரண்டு தடவை சொன்னார், முதல் தடவை இருமல் வந்துவிட்டது, குருவானவர் மறுபடி சொல்லச் சொன்னார், பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தாரா அவரும்? சிரித்திருப்பார், அப்போது பல் உடையவில்லை, அதனால் அது கணக்கில் வராது. நான் எடுத்தேன், எடுத்தது திரையில் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். கேமரா கார்டைப் படிக்க முடியவில்லை என்றது.

அணைத்துப் போட்டேன். கார்டை எடுத்து ஊதி, சேலையில் துடைத்து மறுபடி செருகினேன். படிக்க முடியவில்லை. அவர் சொன்னார், கழுத்தறுக்கும் என்று சொன்னார், எந்த நேரத்தில் அறுக்கும் என்று சொல்லவில்லை. மேலே மாடியில் வீடியோக்காரர் நிற்கிறார், கையைக் காட்டினால் அவர் கட்டைவிரலை உயர்த்துகிறார், அவருடைய கார்டு இதற்குள் நுழையவே நுழையாது, அது வேறு ஜாதி. செல்போனில் எடுக்கலாமா? பெஞ்சில் பாதிப் பேர் செல்லைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள், இந்த இருட்டில் அதில் வருவது புகைமூட்டம், அதை எடுப்பதற்கு நான் எதற்கு, அந்த அத்தை போதும். குருவானவர் தாலியைத் தட்டோடு உயர்த்தி ஜெபிக்க ஆரம்பித்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. இவர் நீளமாக ஜெபிப்பவர், அதற்கு எப்போதும் எரிச்சல்படுகிறவள் இப்போது இன்னும், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினேன், இந்த ஜெபம் முடியாமலே இருக்கட்டும். ஜாக்கெட்டுக்குள் கை போய்விட்டது. லேன்சி முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கார்டு சூடாக இருந்தது, என் உடம்புச் சூடுதான், வேறென்ன. இதைப் போட்டால் மூன்று அழுத்தலில் அவர் இல்லை. போடாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு இது இல்லை, இவர்கள் இன்னொரு தடவையா தாலி கட்டப் போகிறார்கள். எடுக்க முடியவில்லை, கார்டு கெட்டுவிட்டது என்று சொன்னால் டீச்சர் வைய மாட்டார்கள், அதுதான் கஷ்டம், என் முதுகைத் தடவிக் கொடுப்பார்கள். நானும் சாயங்காலம் ஜங்ஷனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பல் இடதா வலதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்து? பார்த்துவிட்டு, பெரிதாக்கி, அந்த ஆபீசரைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவேன். தினமும் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் இதற்காக எந்தப் பொண்ணின் தாலியை விட்டோம் என்பதும் கூடவே தெரியும். அவருக்கும் தெரியும். ஏட்டி, நான் நின்னதே அந்தப் பிள்ளைய எடுக்கதுக்குத்தான என்பார், சத்தியமாக அப்படித்தான் சொல்வார், ஆனால் அவர் சொல்வார் என்பதற்காக நான் கேட்கவேண்டுமா, அவர் சொன்னதைக் கேட்டுத்தானே வாசற்படியில் துடைத்தேன். ஆண்டவரே, இதை நான் எங்கே கொண்டுபோய்ச் சொல்ல. ஆமென் என்றார்கள் எல்லாரும்.

போட்டேன். கை போட்டதா நான் போட்டேனா என்று யாரும் கேட்க வேண்டாம், நான்தான் போட்டேன். மாப்பிள்ளை தாலியை எடுத்துப் பொண்ணின் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனான், அவனுடைய தங்கை பின்னால் தொங்கிய நெட்டை விலக்கிப் பிடித்தாள், நான் மண்டியிட்டு, ஜன்னலைப் பொண்ணின் தலைக்குப் பின்னால் மறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். ஒன்று. குனிந்த தலை போய்விட்டது. அவன் முடிச்சுப் போடும்போது இன்னொன்று. ஓரக்கண் போய்விட்டது. கைதட்டக் கூடாத இடத்தில் யாரோ கைதட்டினார்கள், டீச்சர் மூக்கைச் சிந்தினார்கள். தாலி கட்டியாகிவிட்டது, எனக்குக் கிடைத்துவிட்டது, திரையில் பார்த்தேன், முடிச்சும் விரலும் முகமும் எல்லாம் இருக்கிறது, சேலை சேலையாக இருக்கிறது. இன்னும் மூன்றாவது இருக்கிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னதன்படி பார்த்தால் மூன்றாவது இன்னும் அங்கேதான் இருக்கிறது, துண்டைத் தூக்கிச் சிரிக்கிறார், மேலே ஒன்றும் போய் உட்காரவில்லை. இதோடு நிறுத்திக்கொள்ளலாமே. எல்லாவற்றையுமா கேட்கிறேன், ஒரே ஒரு படம். தலைவலி, மயக்கம், என்னவாவது சொல்லிப் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பாவம் என்பார்கள். கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன். குருவானவர் இருவர் தலையிலும் கை வைத்துப் புருஷனும் மனைவியும் என்று சொல்லி முடித்து, ஒதுங்கி, என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். இந்த இடத்தில் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள், எந்தக் கல்யாணத்திலும் அடுத்ததைச் சொல்ல வேண்டியவள் போட்டோக்காரிதான். நெட்டுக்கு உள்ளேயிருந்து பொண்ணு, யாருக்கும் கேட்காத குரலில், "அக்கா, தூக்கட்டுமா?" என்றாள்.

எத்தனை நேரமாகத்தான் அந்தப் பிள்ளை அதற்குள்ளேயே குனிந்துகொண்டு நிற்கும், வேர்த்துப்போயிருக்கும், அழுதிருக்கும், மை கரைந்திருக்குமோ என்று பயந்துகொண்டு நிற்கும். இருட்டு அப்படியேதான் இருந்தது, கரண்டு வரவில்லை, ஜன்னலில் மட்டும் மேகம் கொஞ்சம் விலகி நீலம் அடர்த்தியாக இறங்கிக்கொண்டிருந்தது, இது எத்தனை நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. கேமராவைத் தூக்கினேன். கையைப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது, அன்றைக்கு மாதிரியே, விரலெல்லாம் வெளுத்துப்போய். இதை விரித்தால்தான் விரல் ஷட்டருக்குப் போகும். இன்றைக்குப் பிரித்துவிட மதினி பக்கத்தில் இல்லை. நானே விரித்தேன். போகட்டும், போங்க, நானும் மண்ணைப் போட்டுவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன், வாய்க்குள்தான் சொன்னேன். பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும் அவரிடம் சொல்லிச் சொல்லிப் பழகினதை வெளியே, எல்லாருக்கும் கேட்கும்படி, "நெட்டத் தூக்கும்மா" என்றேன். தூக்கினாள். சின்னப் பிள்ளை முகம், கண்ணெல்லாம் சிவந்து, என்னைப் பார்த்துச் சிரித்தது. பல்லெல்லாம் வரிசையாக இருந்தது. மீசை இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.